சொல்லை உடைத்துக் கொடுத்தவர் – நோவா வெப்ஸ்டர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

நம் கல்லூரி நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் செங்கல் கனத்தில் ஓர் அகராதி இருக்கிறது. அதன் முதுகில் பெரிய எழுத்தில் வெப்ஸ்டர் என்று போட்டிருக்கும். பேனாவுக்கு ஒரு கம்பெனி, பேட்டரிக்கு ஒரு கம்பெனி மாதிரி டிக்ஷனரிக்கும் இது ஒரு கம்பெனிப் பெயர் என்றுதான் நம்மில் பல பேர் சொல்வார்கள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர், நண்பர்களே! நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க வைத்த ஓர் உழவரின் மகன் பெயர்.

அகராதி அவர் முதுமையில் முடித்த வேலை. அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, தம் 24 வயதில், அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது, எந்தத் துண்டின் மேல் அழுத்தம் கொடுப்பது என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் புத்தகம். என்னைக் கேட்டால், அந்தத் தடித்த அகராதியைவிட இந்தச் சின்னப் புத்தகம்தான் பெரிய வேலை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கண்ணால் மட்டும் கற்ற சொற்கள்

நம் பாடப் புத்தகத்தைத் திறந்தால் எத்தனை நீளமான சொற்கள்! ஸ்பெஸிஃபிகேஷன், ரெஃப்ரிஜரேஷன், பொட்டென்ஷியோமீட்டர் என்று ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். தமிழில் இந்தத் தொல்லை குறைவு. அ, ஆ படித்து, க, கா, கி, கீ படித்துவிட்டால் போதும், எவ்வளவு நீளமான சொல்லாக இருந்தாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டினால் மட்டும் வேலைக்கு ஆகாது. எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் தானாக வந்துவிடுகிறது. அவர்கள் ஒரு சொல்லை முதலில் காதால் கேட்கிறார்கள், பிறகு கண்ணால் பார்க்கிறார்கள். நம்ம கதை தலைகீழ். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். என் வகுப்பில் பல பேர் அப்படித்தான். எங்களுக்கு ஆங்கிலச் சொல் முதலில் கண்ணுக்குத்தான் வருகிறது. காதுக்கு வருவது வகுப்பில் சார் சொல்லும்போது; சில சொற்கள் கடைசிவரை வருவதே இல்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் நிற்கும்போது விடை மனதுக்குள் இருக்கும், சொல் வாயில் வராது. தெரிந்த விடையைக்கூட சுற்றி வளைத்து வேறு சொல்லில் சொல்லிவிட்டு வருகிற பசங்க எத்தனை பேர்!

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பிள்ளைக்கு, காது செய்ய வேண்டிய வேலையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர் நோவா வெப்ஸ்டர்.

அடமானம் வைத்த நிலம்

அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற பகுதி. அங்கே ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கிராமத்தில் 1758 அக்டோபர் 16 அன்று வெப்ஸ்டர் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு இல்லை, இங்கிலாந்து அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றப் பகுதி. அப்பாவுக்கும் நோவா என்றே பெயர். உழவு செய்வார், துணியும் நெய்வார். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் இல்லை. ஆனாலும் படிப்பின் மேல் மதிப்பு வைத்திருந்த வீடு. அம்மா மெர்ஸி பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்தும் கணக்கும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். இல்லாமல் போனது பணம் ஒன்றுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடம் சுமாரானது. படிக்க அங்கே இருந்தவை ஓர் எழுத்துப் பாடப் புத்தகமும் பைபிள் பகுதிகளும் மட்டும்தான். ஆனாலும் பையனுக்குப் படிப்பில் இருந்த ஆர்வத்தைப் பார்த்து, ஊர்ப் பாதிரியார் லத்தீனும் கிரேக்கமும் கற்றுக் கொடுத்தார். 1774-ல், 15 வயதில், நியூ ஹேவனில் இருந்த யேல் கல்லூரியில் இடம் கிடைத்தது. செலவுக்கு என்ன செய்வது? அப்பா நிலத்தை அடமானம் வைத்தார்.

கல்லூரிக்குப் போன மறு வருடமே நாட்டில் போர் மூண்டது. இங்கிலாந்தை எதிர்த்த விடுதலைப் போர். உணவுத் தட்டுப்பாட்டாலும் நோயாலும் கல்லூரியை அடிக்கடி மூடினார்கள். 1777-ல் அப்பாவும் பிள்ளைகளும் ஊர்ப்படையோடு சேர்ந்து போர்முனைக்கு நடந்தே போனார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே எதிரிப் படை தோற்றுவிட்டது. இத்தனைக்கும் நடுவில் 1778-ல் வெப்ஸ்டர் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு வீட்டுக்கு வந்த மகன் கையில் அப்பா ஓர் எட்டு டாலர் நோட்டைக் கொடுத்தார். போர்க்காலத்து நோட்டு, வெள்ளிக்கு மாற்றினால் பாதி மதிப்புகூடத் தேறாது. இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிலம் கடனில் இருக்கிறது, அதற்கு மேல் கொடுக்க அவரிடம் ஏது? மகன் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வராமல் புத்தகமும் யோசனையுமாகக் கிடந்தார். பிறகு எழுந்து வாத்தியார் வேலை தேடிக் கிளம்பினார்.

எழுபது பிள்ளைகள், ஒரே அறை

வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பதுதான் வெப்ஸ்டரின் ஆசை. பகலில் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்தார். 1781-ல் தேர்வாகி வழக்கறிஞரும் ஆனார். ஆனால் போரில் நொடித்துப்போன நாட்டில் வழக்கு கொண்டுவர யாரிடம் காசு இருந்தது? மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். 1782-ல் நியூயார்க் மாநிலத்தில் கோஷன் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவர் பையில் இருந்தது 75 சென்ட்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்பது ஒரே ஓர் அறைதான். சின்னப் பிள்ளையிலிருந்து மீசை முளைத்த பையன்வரை சில இடங்களில் எழுபது பேர் வரைக்கும் அதற்குள் அடைந்து கிடப்பார்கள். மேசை கிடையாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அரிது. கையில் இருக்கும் புத்தகமாவது சரியாக இருக்க வேண்டாமா? அதுவும் சரியில்லை என்பதை வெப்ஸ்டர் அங்கேதான் கண்டுகொண்டார்.

காதைக் கேட்டுப் பிரித்தார்

அப்போது எல்லாப் பள்ளியிலும் இருந்தது தாமஸ் டில்வொர்த் என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1740-ல் வெளியிட்ட புத்தகம். அதிலும் சொற்களை அசை பிரித்துத்தான் கொடுத்திருந்தார்கள். அசை என்றதும் நமக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் நினைவுக்கு வரும். சீரைப் பிரித்து, நேர், நிரை என்று அலகிட்டு, தேமா, புளிமா என்று வாய்பாடு எழுதினோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஒரே வித்தியாசம், நம் நிரையசையில் இரண்டு உயிரொலி வரலாம். ஆங்கிலத்தில் ஓர் அசைக்கு ஓர் உயிரொலிதான். எத்தனை உயிரொலி வாயில் கேட்கிறதோ அத்தனை அசை. எழுத்தை எண்ணக் கூடாது, ஒலியை எண்ண வேண்டும்.

பழைய புத்தகத்தின் முறை லத்தீன் இலக்கணத்தை ஒட்டி வந்தது. இரண்டு உயிருக்கு நடுவே மெய் வந்தால் அந்த மெய்யை அடுத்த அசையோடு சேர்க்க வேண்டும். விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை வாசித்தால் என்ன ஆகும்? பிஷப் என்ற சொல்லை அந்த விதிப்படி பிரித்தால் முதல் அசையில் பி, ஐ என்ற இரண்டு எழுத்துதான் நிற்கும். குழந்தை அதைப் பை-ஷப் என்று வாசிக்கும். க்ளஸ்டர் என்பது க்ளூ-ஸ்டர் ஆகிவிடும். நாஸ்ட்ரில் என்பது நோ-ஸ்ட்ரில் ஆகிவிடும். விதி சரி, வாய் தப்பு!

வெப்ஸ்டர் விதியை ஓரமாக வைத்துவிட்டுக் காதைக் கேட்டார். மக்கள் பேசும்போது எந்த ஒலி எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதோ அப்படியே பிரித்தார். பிஷ்-அப், க்ளஸ்-டர், நாஸ்-ட்ரில். மெய் முதல் அசையோடு ஒட்டிக்கொண்டதால் அதில் உள்ள உயிர் தானாகக் குறுகிவிட்டது. அம்மா அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளையும் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் சரியான உச்சரிப்பு வந்துவிடும்.

ஷன் என்று முடியும் சொற்களிலும் அதே கதைதான். நேஷன் என்பதில் கடைசி நாலு எழுத்தையும் டி, ஆன் என்பது போல இரண்டு அசையாகப் பிரித்து, மொத்தம் மூன்று அசை என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசுகிற எவர் வாயிலும் அது இரண்டு அசைதான், நே-ஷன். வெப்ஸ்டர் அந்த நாலெழுத்தை ஒரே அசையாகக் கட்டி வைத்தார். இன்று நாம் லூ-ப்ரி-கே-ஷன் என்று நாலே அசையில் முடிக்கிறோம் அல்லவா, அந்தக் கணக்குதான் இது.

சொற்களின் மேல் சின்னச் சின்ன எண்களும் போட்டார். ஆங்கிலத்தில் ஒரே உயிரெழுத்துக்குப் பல ஒலி உண்டே, எந்த எண் இருந்தால் எந்த ஒலி என்று அட்டவணை கொடுத்தார். வாயில் ஒலிக்காத எழுத்துகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவேண்டியதையெல்லாம் அச்சு எழுத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார்.

அழுத்தம் எங்கே?

பிரித்தால் மட்டும் போதாது. பிரித்த துண்டுகளில் ஒன்றின் மேல் குரலை ஏற்ற வேண்டும். நம்ம தமிழில் ஒரு சொல்லின் எந்த இடத்தில் அழுத்தினாலும் பொருள் மாறிவிடாது. ஆங்கிலத்தில் மாறும். ரெக்கார்டு என்ற நம் தினசரிச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்-அர்ட் என்று முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், நாம் கையெழுத்து வாங்க அலைகிற நோட்டு. ரி-கார்ட் என்று இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல், பதிவு செய்வது. கவனித்தீர்களா? அழுத்தம் இடம் மாறியதும் பிரிக்கும் இடமும் மாறிவிட்டது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

இதற்கு வெப்ஸ்டர் செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. சொற்களை அகர வரிசையில் மட்டும் அடுக்காமல் அசை எண்ணிக்கைப்படியும் அழுத்தத்தின்படியும் அடுக்கினார். முதலில் ஓரசைச் சொற்கள். அடுத்து முதல் அசையில் அழுத்தம் உள்ள ஈரசைச் சொற்கள். அதற்கடுத்து இரண்டாம் அசையில் அழுத்தம் உள்ள ஈரசைச் சொற்கள். இப்படியே மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிக்கொண்டே போகும். தலைப்பைப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும். பிள்ளைகள் ஒரு பட்டியலை உரக்கச் சொல்லிக்கொண்டே போனால் அந்தத் தாளம் நாக்கில் ஏறிவிடும். வாய்ப்பாடு ஒப்பித்த நமக்கு இதன் அருமை தெரியும்.

அவர் காட்டிய வழியில் நம் பாடச் சொற்களைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு கிடைக்கிறது. ஷன் என்று முடியும் சொல்லில் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும். ஸ்பெ-ஸி-ஃபி-கே-ஷன், இதில் கே. ரெ-ஃப்ரி-ஜ-ரே-ஷன், இதில் ரே. இக் என்று முடிந்தாலும் பெரும்பாலும் முந்தைய அசையில்தான். இ-லெக்-ட்ரிக், இதில் லெக். அதுவே எலெக்ட்ரிசிட்டி ஆகும்போது இ-லெக்-ட்ரிஸ்-இ-டி என்று அழுத்தம் ட்ரிஸ் என்ற மூன்றாம் அசைக்குத் தாவிவிடும். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில். ஃபோட்டோகிராஃபர் என்றால் ஃப-டாக்-ர-ஃபர் என்று இரண்டாவதில். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். ஒரே குடும்பத்துச் சொற்கள், அழுத்தம் மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது!

நம்ம ஒர்க்ஷாப்புக்கு வருவோம். தெர்மாமீட்டர் என்று எழுதுகிறோம். தெர்மா ஒரு துண்டு, மீட்டர் ஒரு துண்டு. சொல் பிறந்த விதம் அதுதான், வெப்பம், அளவு என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள். ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது தெர்-மாம்-இ-டர், அழுத்தம் மாம் மேல். பொட்டென்ஷியோமீட்டரும் அப்படியே. பொ-டென்-ஷி-ஆம்-இ-டர், ஆறு அசை, அழுத்தம் ஆம் மேல். வோல்ட்மீட்டர், அம்மீட்டர் இரண்டும் வேறு ஜாதி, முதல் அசையிலேயே அழுத்தம். இன்னும் வேடிக்கை, டோக்கன் கொடுத்து ஸ்டோரில் வாங்குகிறோமே மைக்ரோமீட்டர், அந்தக் கருவியின் பெயர் மை-க்ராம்-இ-டர், அழுத்தம் இரண்டாவதில். மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கு மை-க்ரோ-மீ-டர், அழுத்தம் முதலில். கருவி எது, அளவு எது என்பதை அழுத்தம்தான் பிரித்துக் காட்டுகிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்துப் பிரிப்பதா, காதைக் கேட்டுப் பிரிப்பதா என்ற வழக்கு வெப்ஸ்டரோடு முடிந்துவிடவில்லை. வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும்போது பிரிட்டிஷ் அச்சகங்கள் பிறப்பைப் பார்ப்பதும் அமெரிக்க அச்சகங்கள் உச்சரிப்பைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அழுத்தத்திலும் இரு நாட்டுக்கும் வேறுபாடு உண்டு. லேபரட்டரி என்ற சொல்லில் அமெரிக்கர் முதல் அசையையும் ஆங்கிலேயர் இரண்டாம் அசையையும் அழுத்துகிறார்கள். ஆகவே ஒன்று மட்டும்தான் சரி என்று யாராவது சிரித்தால் பயப்படாதீர்கள்!

நீல அட்டைப் புத்தகம்

புத்தகத்தை எழுதிவிட்டார், அச்சிடப் பணம்? யேல் கல்லூரி நண்பரும் கவிஞருமான ஜோயல் பார்லோ கடன் கொடுத்தார். 1783-ல் ஹார்ட்ஃபோர்டில் 5,000 பிரதிகள் அச்சாயின. ஒரு வருடத்துக்குள் அவ்வளவும் விற்றுத் தீர்ந்தன. தொடர்ந்து இலக்கணமும் வாசிப்பு நூலும் எழுதி மூன்று பாகமாக்கினார். மலிவான நீலக் காகித அட்டை போட்டு வந்ததால் முதல் பாகத்துக்கு நீல அட்டைப் புத்தகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நன்றாக விற்றால் திருட்டுப் பதிப்பு வருமே! அன்றைக்கு நாடு முழுவதற்குமான பதிப்புரிமைச் சட்டம் அங்கு இல்லை. வெப்ஸ்டர் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சட்டமன்றத்தாரிடம் எடுத்துச் சொன்னார். 1785-ல் ஜார்ஜ் வாஷிங்டனை அவர் வீட்டிலேயே போய்ச் சந்தித்து ஆதரவு கேட்டார். 1790-ல் நாடு முழுவதற்குமான பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காக முன்பே அலைந்தவர்களில் வெப்ஸ்டர் முக்கியமானவர்.

இருந்தும் அவர் கோடீஸ்வரர் ஆகவில்லை. கைச்செலவுக்குக் காசு வேண்டி 1788-ல் நியூயார்க் பதிப்பாளர் ஒருவருக்கு ஐந்து வருட உரிமையை 200 டாலருக்குக் கொடுத்துவிட்டார். லாபம் எல்லாம் அவருக்குப் போயிற்று. 1837-க்குள் சுமார் 1 கோடியே 50 லட்சம் பிரதிகள் விற்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 1840 கணக்கெடுப்பில் அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 1 கோடியே 70 லட்சம்தான்!

எழுபது வயதில் எழுபதாயிரம் சொற்கள்

1789-ல் ரெபெக்கா கிரீன்லீஃப் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். எட்டுப் பிள்ளைகள். நடுவில் சில வருடம் நியூயார்க்கில் நாளிதழ் நடத்தினார். 1806-ல் ஒரு சிறிய அகராதி வெளியிட்டார். பிறகு பெரிய அகராதியில் இறங்கினார். வட்டமான ஒரு மேசை செய்து அதன் மேல் பல மொழி அகராதிகளைப் பரப்பி வைத்து, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவார். உதவியாளர் கூட்டம் எதுவும் இல்லை. எழுதியது எல்லாம் அவர் கை.

1824-ல், 65 வயதில், மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிப் பாரிஸுக்கும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கும் போனார். 1825 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது கை நடுங்கிப் பேனாவைப் பிடிக்க முடியவில்லையாம். அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்து மனதை நிதானப்படுத்திக்கொண்டுதான் முடித்தார். 1828-ல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 70,000 சொற்கள், 2,500 பிரதிகள், விலை 20 டாலர். அவருக்கு வயது 70. ஒவ்வொரு தலைச்சொல்லிலும் அழுத்தக் குறி இருந்தது. நீல அட்டைப் புத்தகத்தில் பிடித்த விடாப்பிடி!

குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். கோபக்காரர், தம்மைப் பற்றிப் பெரிய எண்ணம் உள்ளவர் என்று அவர் காலத்தவர்களே முகம் சுளித்திருக்கிறார்கள். சொற்களின் வேர் பற்றி அகராதியில் அவர் எழுதியதில் நிறையத் தவறு உண்டு. வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் சொன்ன சமஸ்கிருத-கிரேக்க உறவையும், அதைப் பிடித்துக்கொண்டு ஜெர்மானியர் செய்த ஆராய்ச்சியையும் அவர் தம் வேலையில் சேர்த்துக்கொள்ளவில்லை. எழுத்தைச் சுருக்கச் சொன்ன யோசனைகளில் பல போணியாகவில்லை. சில மட்டும் நிலைத்தன. கலர் என்ற சொல்லில் யு இல்லாமல் எழுதுவது அவற்றில் ஒன்று. கம்ப்யூட்டர் லேபில் வலைப்பக்கம் எழுதும்போது நாமும் யு போடாமல்தான் எழுதுகிறோம். போட்டால் நிறம் வராது!

பெரிய அகராதி மெதுவாகத்தான் விற்றது. 1841-ல் இரண்டாம் பதிப்புக் கொண்டுவர வீட்டை அடமானம் வைத்தார். மகனின் படிப்புக்கு நிலத்தை அடமானம் வைத்த அப்பாவின் பிள்ளை அல்லவா! 1843 மே 28 அன்று நியூ ஹேவனில் 84 வயதில் காலமானார். விற்காமல் கிடந்த பிரதிகளையும் உரிமையையும் ஜார்ஜ் மெரியம், சார்லஸ் மெரியம் என்ற சகோதரர்கள் வாங்கினார்கள். 1847-ல் அவர்கள் ஆறு டாலருக்கு மலிவாகப் போட்ட பதிப்பு வீடுவீடாகப் போயிற்று. அகராதி முதுகில் நாம் காணும் பெயர் அப்படித்தான் ஊன்றியது.

உப்பளத்தில் ஒரு சிறுவன்

அகராதியைவிடச் சின்னப் புத்தகம்தான் பெரிது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. பால்டிமோரில் அடிமையாக இருந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் என்ற சிறுவன் வெப்ஸ்டரின் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பையன்களிடம் ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்கிக்கொண்டான். பின்னாளில் தப்பி ஓடி, அடிமை முறையை எதிர்த்த பெரும் பேச்சாளர் ஆனான்.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊரின் உப்பு ஆலைக்கு ஒரு குடும்பம் பிழைக்க வந்தது. அந்தக் குடும்பத்துப் பையன் முதன்முதலில் அடையாளம் கண்டுகொண்டது 18 என்ற எண். அவனுடைய வளர்ப்புத் தந்தை நிரப்பும் பீப்பாய்களுக்குப் போட்ட எண் அது. எழுத்தும் கற்க வேண்டும் என்று அம்மாவை நச்சரித்தான். அம்மாவுக்கே வாசிக்கத் தெரியாது. எங்கிருந்தோ ஒரு பழைய நீல அட்டைப் புத்தகத்தை அவர் வாங்கி வந்து கொடுத்தார். சொல்லிக்கொடுக்க அவன் இனத்தில் சுற்று வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. வெள்ளையர்களிடம் கேட்கப் பயம். புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே முட்டி மோதி சில வாரங்களில் எழுத்துகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டான்.

அந்தப் பையன் புக்கர் டி. வாஷிங்டன். 1881-ல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் தொழிற்கல்வி நிலையத்தைத் தொடங்கி நடத்தியவர். அங்கே மாணவர்கள் தாங்களே செங்கல் அறுத்துச் சூளை வைத்துத் தங்கள் கட்டடங்களைக் கட்டினார்கள். பாடமும் பட்டறையும் சேர்ந்த கல்வி, கிட்டத்தட்ட நம் பாலிடெக்னிக் மாதிரி!

வெப்ஸ்டர் இறந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு, அவர் பார்த்தே இராத ஓர் ஊரில், வாத்தியார் இல்லாத ஒரு வீட்டில், அந்தப் புத்தகம் வாத்தியாராக உட்கார்ந்தது. அகராதி, வாசிக்கத் தெரிந்தவனுக்கு உதவுகிறது. இந்தப் புத்தகம் வாசிக்கத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. நூலகத்தில் அகராதி இருக்கிறது, கைப்பேசியில் சொல்லை உச்சரித்தே காட்டுகிறது. ஆனாலும் பரீட்சை வரை அந்தப் பக்கம் போவதில்லை. நான் இந்த செமஸ்டரில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதுச் சொல் வந்தால் பென்சிலால் அசைக்கு நடுவே மெல்லிய கோடு போடுவேன். அகராதியைப் பார்த்து, அழுத்தம் உள்ள அசைக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பேன். பிறகு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே மூன்று முறை உரக்கச் சொல்வேன். அறைத்தோழர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்கள் புத்தகத்திலும் புள்ளி இருக்கிறது.

இதற்குச் செலவு ஒரு பென்சில். அந்தப் புத்தகத்தை அடுத்த வருடம் ஜூனியருக்குக் கொடுக்கும்போது கோட்டையும் புள்ளியையும் அழித்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஒருவன் அதை வாங்கிப் படிக்கலாம்.